நிக்காம ஓடுற பிரிட்ஜும் அம்மாவோட இன்சுலினும்

போன ரெண்டு பதிவும் கார் நடவு பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வயலை விட்டுட்டு அடுக்களைக்குள்ள வாரேன். விஷயம் பிரிட்ஜ் பத்தினது.

எங்க ஊர் இலஞ்சி பக்கம். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பிச்சா தென்காசி, குற்றாலம், செங்கோட்டை சுத்துவட்டாரம் பூராவும் குளுகுளுன்னு ஆயிரும். பேரருவியிலயும் ஐந்தருவியிலயும் தண்ணி கொட்டுதுன்னு வெளியூர்க்காரங்க வண்டி வண்டியா வந்து இறங்குவாங்க. வீட்டுல ஃபேன் போடத் தேவை இருக்காது. அந்த மாதிரி நேரத்துல பிரிட்ஜ் மட்டும் ராத்திரி பகல்னு இல்லாம உறுமிக்கிட்டே இருந்தா அதுல ஏதோ கோளாறுன்னு அர்த்தம். சித்திரை வெயில்ல நாள் பூரா ஓடினா அதுல ஒரு நியாயம் உண்டு. சாரல் காத்துல ஓடினா நியாயம் இல்லை.

எங்க வீட்டுல இந்த வருசம் அதுதான் நடந்தது. 2015-ல தென்காசியில வாங்கின ஒத்தக் கதவு பிரிட்ஜ், 190 லிட்டர். அதே வாரம் அடுத்த வீட்டு மதினியும் வந்து, "கொழுந்தனாரே, எங்க பிரிட்ஜ் நிக்கவே மாட்டேங்கு. கரண்டு பில்லை நெனச்சா பயமா இருக்கு"ன்னு சொன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் ஒரே பிராது. பாத்தா ரெண்டுக்கும் வியாதி நேர் எதிர். அதைத்தான் இங்க எழுதப் போறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கலாம்.

எனக்கு இது கரண்டு பில்லோட முடியுற விஷயம் இல்லை. எங்க அம்மாவுக்கு 78 வயசு. பதினோரு வருசமா சர்க்கரை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இன்சுலின் ஊசி. மருந்து பாட்டில் அந்த பிரிட்ஜ்லதான் இருக்கு. பால், தயிர், காய்கறி எல்லாம் அப்புறம்தான்.

முதல்ல பிரிட்ஜ் எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம பாஷையில சொல்லுதேன். மொட்டைமாடித் தண்ணித் தொட்டியை நெனச்சுக்கோங்க. மோட்டார் போடுதோம், தொட்டி நிறையுது. நிறைஞ்சதும் மிதவை மேல வந்து மோட்டாரை நிப்பாட்டிரும். தண்ணி குறைஞ்சா மிதவை இறங்கி மறுபடியும் மோட்டாரைப் போடும். பிரிட்ஜ்ல மோட்டார்ங்கிறது அடியில பின்பக்கம் இருக்குற கம்ப்ரசர். மிதவைங்கிறது தெர்மோஸ்டாட், நாம திருப்புற அந்தக் குமிழ். உள்ள போதுமான குளிர் வந்ததும் அது கம்ப்ரசரை நிப்பாட்டணும். சூடு ஏறினா திரும்பப் போடணும். நல்லா இருக்குற பிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும்.

உள்ள குளிர் எப்படி வருது? ஒரு கேஸ் குழாய்க்குள்ளயே சுத்தி வருது. பிரீசர் தகட்டுல அது விரியும்போது அங்க இருக்குற சூட்டை உறிஞ்சிக்கிடும். கம்ப்ரசர் அதை அழுத்தி, பின்னாடி இருக்குற கம்பி வலைக்கு அனுப்பும். உறிஞ்சின சூட்டை வலை வெளியில தள்ளிரும். பிரிட்ஜ் பின்னாடி கை வச்சா சூடா இருக்கும்லா, அது உங்க தயிருல இருந்து எடுத்த சூடும் கம்ப்ரசரோட சூடும்தான்.

இப்போ தொட்டி மோட்டார் நிக்கவே மாட்டேங்குதுன்னு வைங்க. காரணம் மூணு மாதிரி இருக்கலாம். மிதவை சிக்கிக்கிட்டிருக்கும், தொட்டி நிறைஞ்சு வழியும். இல்ல தொட்டியில ஓட்டை, எவ்வளவு ஏத்தினாலும் நிறையாது. இல்ல கிணத்துல தண்ணி இல்லை, மோட்டார் வெறுமனே சுத்தும். பிரிட்ஜ்லயும் இதே மூணுதான். அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: நிக்காம ஓடுற பிரிட்ஜ் ரொம்பக் குளிருதா, குளிரவே மாட்டேங்குதா?

எங்க வீட்டுல ரொம்பக் குளிர்ந்தது. தயிர் கட்டியா உறைஞ்சிருந்தது. மல்லித்தழை கண்ணாடி மாதிரி விறைச்சுப் போய் வெளியே எடுத்ததும் கருகின மாதிரி துவண்டுட்டு. தக்காளி கல்லு மாதிரி. அப்போ கேஸ் இருக்கு, கம்ப்ரசர் நல்லா வேலை செய்யுது, கதவும் ஒழுங்கா மூடுது. நிப்பாட்டத்தான் ஆள் இல்லை. மிதவை சிக்கின கதை.

இதைக் கண்டுபிடிக்க காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு. குமிழைத் திருப்பி பூஜ்யத்துல வைங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா 'டக்'குன்னு ஒரு சத்தம் வந்து கம்ப்ரசர் நின்னுரும். எங்களுது நிக்கலை. பூஜ்யத்துல வச்ச பிறகும் ஓடிச்சு. தெர்மோஸ்டாட்டுக்குள்ள ரெண்டு தொடுமுனை உண்டு. வருசக்கணக்கா சேர்ந்து பிரிஞ்சு சேர்ந்து பிரிஞ்சு, பொறி பட்டு, ஒரு நாள் ரெண்டும் ஒட்டிக்கிடும். பம்ப்செட் ஸ்டார்ட்டர்ல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா சிவப்பு பட்டனை அமுக்கினாலும் மோட்டார் நிக்காதுல்லா, அதே சங்கதிதான்.

முதல்ல ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வந்து பாக்காமலே, "கம்ப்ரசர் போயிட்டு அண்ணாச்சி, பத்து வருசம் ஆச்சுல்லா, புதுசு வாங்கிருங்க"ன்னாரு. எனக்கு அது மனசுக்கு ஒப்பலை. போன கம்ப்ரசர் எப்படி தயிரைக் கல்லாக்கும்? அப்புறம் மேலகரத்துல இருந்து வயசான ஒருத்தர் வந்தாரு. குமிழைத் திருப்பிப் பார்த்தாரு, கதவைத் திறந்து பார்த்தாரு, சிரிச்சாரு. புது தெர்மோஸ்டாட் போட்டு, அதோட மெல்லிசான உணர்குழாயை பிரீசர் தகட்டோட சேத்து இறுக்கிவிட்டாரு. அரை மணி நேர வேலை. சாமானும் கூலியும் சேர்த்து 750 ரூபாய். அந்த உணர்குழாய் இடத்தை விட்டு நழுவினாலும் பிரிட்ஜ் இதே மாதிரி நிக்காம ஓடும்னு சொன்னாரு. குளிர்ந்துட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானே நிப்பாட்டும்.

இங்கதான் அம்மா விஷயம் வருது. பிரிட்ஜ் கோளாறு எங்களுக்குத் தெரியுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே அம்மாவுக்கு ஒரு மாதிரி அசதி. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சாங்க. தாகம்னு சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாங்க. வெறும் வயித்துல 140 காட்டுற சர்க்கரை 260 காட்டுச்சு. சாப்பாடு அதேதான், ஊசி அதேதான். தென்காசியில நாங்க பாக்குற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அளவைக் கூட்டி எழுதுவாருன்னு நெனச்சேன். அவர் கூட்டலை. "மருந்தை எங்க வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாரு. பிரிட்ஜ்லன்னேன். "பாட்டிலைக் கொண்டு வாங்க, நான் பாக்கணும்"ன்னாரு.

மறுநாள் கொண்டு போனேன். அம்மாவுக்குப் போடுறது 30/70 கலப்பு மருந்து, பால் மாதிரி கலங்கலா இருக்கும். உள்ளங்கையில வச்சு உருட்டினா ஒரே சீரா கலங்கி வரணும். டாக்டர் உருட்டிக் காட்டினாரு. துகள் துகளா மிதந்தது, கண்ணாடி ஓரத்துல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தது. "இது ஒரு தடவை உறைஞ்சு இளகின மருந்து. இதுல எவ்வளவு வேலை செய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது. தூரப் போடுங்க"ன்னு சொல்லிட்டாரு.

அவர் சொன்னதுல முக்கியமானதை இங்க எழுதுதேன். சர்க்கரை உள்ளவங்க வீட்டுல இதை ஒரு அட்டையில எழுதி ஒட்டிக்கிட்டாலும் நல்லது. பிரிக்காத இன்சுலினை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். உறையவே கூடாது. உறைஞ்சது இளகினாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பிரீசருக்குள்ளயும் அதை ஒட்டியும் வைக்கக் கூடாது. நடுத்தட்டுல பின்சுவரை விட்டுத் தள்ளியோ, கதவுத் தட்டுலயோ ஒரு சின்ன டப்பாவுக்குள்ள வைக்கலாம். பிரிச்சு தினமும் போடுற பாட்டில், வெயில் படாத குளிர்ச்சியான இடத்துல, 25 டிகிரி பக்கம் இருந்தா, நாலு வாரம் போல வெளியிலயே தாங்கும். சாரல் காலத்துல எங்க வீட்டுக்கு அது சரி. சித்திரையில ஓட்டு வீட்டுக்குள்ள சரி வராது.

அப்போ கரண்டு இல்லாதவங்க, பிரிட்ஜ் இல்லாதவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டேன். ரெண்டு மண்சட்டி, நடுவுல ஈர மணல்னு சொன்னாரு. நம்ம ஆச்சிமாரு மோர் வச்ச அதே வித்தை. மண்ணுல இருந்து ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிரும். குஜராத்துல வாங்கானேர்ங்கிற ஊர்ல மன்சுக்பாய் பிரஜாபதின்னு ஒரு குயவர் இதே தத்துவத்துல கரண்டே இல்லாத களிமண் பிரிட்ஜ் செஞ்சு விக்குறாரு. ஆனா காத்து காய்ஞ்சு அடிச்சாத்தான் இது நல்லா வேலை செய்யும். நம்ம சாரல் காத்துல ஏற்கனவே ஈரம் இருக்கு, சட்டி அவ்வளவா குளிராது. அந்த நேரம் வீடே குளிர்ந்திருக்கும்கிறதால பாதகமில்லை.

இப்போ மதினி வீட்டுக்கு வாரேன். அங்க பிரிட்ஜ் ஓடுது, ஆனா பால் மறுநாளே திரிஞ்சு போகுது. பிரீசரைத் திறந்து பார்த்தேன். ஒரு மூலையில மட்டும் கையகலத்துக்கு பனி, மத்த இடமெல்லாம் வெறும் தகடு. பின்னாடி வலையைத் தொட்டா சூடே இல்லை, வெதுவெதுப்பு கூட கம்மி. எங்க வீட்டு வலை அப்படி இல்லை, நல்லா சுட்டது. மேலகரத்துக்காரர் பார்த்ததுமே சொல்லிட்டாரு, கேஸ் குறைஞ்சிட்டுன்னு. கிணத்துல தண்ணி இல்லாத மோட்டார் கதைதான். கம்ப்ரசர் அழுத்துறதுக்கு உள்ள சரக்கு இல்லை. தேவையான குளிர் வரவே வராது, அதனால தெர்மோஸ்டாட் நிப்பாட்டவும் செய்யாது.

கேஸ் சும்மா தீர்ந்து போற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ள சுத்துது, வாங்கின அன்னைக்கு இருந்தது கடைசி வரைக்கும் இருக்கணும். குறைஞ்சா எங்கேயோ ஓட்டை. சோப்பு நுரை தடவிப் பார்த்ததுல பிரீசர் தகட்டுல ஊசிமுனை அளவு ஒரு துளை. கட்டின பனியைக் கத்தி, கரண்டிக் காம்பு வச்சுக் குத்தி எடுக்குற வீடுகள்ல இது சாதாரணமா நடக்குமாம். அலுமினியத் தகடு, அதுக்குள்ளதான் கேஸ் ஓடுற பாதையே இருக்கு. ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் நிரப்பிட்டுப் போறவங்ககிட்ட ஏமாறாதீங்க, ரெண்டு மாசத்துல திரும்பக் கூப்பிட வேண்டி வரும். மதினி வீட்டுல புது பிரீசர் பெட்டி போட்டு, கேஸ் நிரப்பி 4,800 ரூபாய் ஆச்சு.

கேஸ் பத்தி இன்னொரு வார்த்தை. ஒரு காலத்துல பிரிட்ஜ்ல இருந்த ஆர்12 கேஸ் ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியா நிறுத்தினாங்க. அப்புறம் ஆர்134ஏ வந்தது. இப்போ வர்ற வீட்டு பிரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர்600ஏ. அது சமையல் கேஸ் சாதியைச் சேர்ந்தது, தீப்பிடிக்கும். எந்த கேஸ்னு பிரிட்ஜ் பின்னாடி ஒட்டின தாள்லயே எழுதியிருக்கும். வேலைக்கு வர்றவர் அதைப் பார்க்காம பத்தவைக்குற சாமானைக் கையில எடுத்தா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. சன்னலைத் திறந்து வைங்க.

மூணாவது வகை, தொட்டியில ஓட்டை. இதுதான் வீடுகள்ல அதிகம், இதுக்கு மெக்கானிக்கே வேண்டாம். கதவைச் சுத்தி இருக்குற ரப்பர் பட்டை அழுக்கேறி, வெடிச்சு, தளர்ந்திருக்கும். வெளிக்காத்து உள்ள போகும். சாரல் நேரத்துக் காத்துல ஈரம் ஜாஸ்தி, அந்த ஈரம் போய் பிரீசர்ல பனியா கட்டும். பனி ஒரு விரக்கடை கனத்துக்கு மேல கட்டினா அதுவே போர்வை மாதிரி ஆயிரும், குளிர் கீழ இறங்காது. சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். கதவுல வச்சு மூடி இழுங்க. பிடிச்சு இழுத்தாத்தான் வரணும். சும்மா உருவிட்டு வந்தா அந்த இடத்துல பட்டை பிடிக்கலை. சுத்தி நாலு பக்கமும் பாருங்க. வெந்நீர்ல துணியை நனைச்சுத் துடைச்சா பாதி வீட்டுல சரியாயிரும். இல்லைன்னா பட்டை மாத்தணும்.

செல்போன்ல வீடியோ போட்டு உள்ள வச்சுக் கதவை மூடிப் பாருங்க. மூடினதும் இருட்டாகணும். விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா கதவு சுவிட்ச் கோளாறு, அதுவும் உள்ள சூடு கொடுக்கும்.

அப்புறம் பின்பக்கம். சுரண்டையில என் தங்கச்சி வீட்டுல பார்த்தேன், பிரிட்ஜ் பின்னாடி வலை மேல பிள்ளைங்க பள்ளிக்கூடச் சட்டையைக் காயப் போட்டிருக்கா. மழைக்காலத்துல துணி காயலைன்னு இதை நிறைய வீட்டுல செய்யுதாங்க. சூட்டை வெளிய தள்ள வேண்டிய வலையைத் துணி போட்டு மூடினா பிரிட்ஜ் எப்படி நிக்கும்? துணியை எடுத்து, ஒட்டடையும் தூசியும் தட்டி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சோம், அன்னைக்கு ராத்திரியே நின்னு நின்னு ஓட ஆரம்பிச்சது. சில மாடல்ல வலை வெளிய தெரியாது, பக்கச் சுவருக்குள்ள இருக்கும். அதுக்கும் பக்கத்துல இடம் விடணும். இதெல்லாம் செய்யும்போது பிளக்கை உருவிட்டுச் செய்யுங்க. கம்ப்ரசர் மேல இருக்குற தண்ணித் தட்டையும் அப்படியே கழுவிருங்க, டெங்கு கொசுவுக்குப் பிடிச்ச இடம் அது.

ரெட்டைக் கதவு, பனி கட்டாத வகை வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு. மேல பிரீசர் நல்லா இருக்கு, கீழ குளிரே இல்லை, நிக்காம ஓடுதுன்னா உள்ளுக்குள்ள பனி அடைச்சிருக்கும். பனியை உருக்குற ஹீட்டரோ அதோட சென்சாரோ போயிருக்கலாம். ஒரு நாள் பூரா பிளக்கை உருவிக் கதவைத் திறந்து போட்டுப் பாருங்க. அப்புறம் நாலஞ்சு நாள் நல்லா ஓடிட்டு மறுபடியும் அதே மாதிரி ஆனா சந்தேகமே இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புது பிரிட்ஜ்னா பயப்பட வேண்டாம். அது மெதுவா ரொம்ப நேரம் ஓடுறது இயல்பு.

கரண்டு கணக்கையும் சொல்லிருதேன். எங்க கம்ப்ரசர் 100 வாட்ஸ். 24 மணி நேரமும் ஓடினா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட். பத்து மணி நேரம் ஓடினா 60 யூனிட்டோட முடிஞ்சிரும். 2016-ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அரசாங்கம் கொடுக்க ஆரம்பிச்சது. அந்த நூறையும் இது ஒண்ணே தின்னுட்டு மேலயும் கேக்கும். 200 தாண்டினா யூனிட் விலையும் ஏறும். சந்தேகம்னா ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்க. சிவப்பு விளக்கு சிமிட்டும். எங்க மீட்டர்ல ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல்னு போட்டிருக்கு. 100 வாட்ஸ்க்கு நிமிசத்துக்கு அஞ்சு சிமிட்டல் வரும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க, எப்பவாவது அந்தச் சிமிட்டல் அடங்குதான்னு. அடங்கினா பிரிட்ஜ் நிக்குது. விடியுற வரைக்கும் அடங்கலைன்னா மேல சொன்னதை ஒவ்வொண்ணா பாருங்க.

புது மருந்து போட ஆரம்பிச்சு பத்து நாள்ல அம்மாவுக்கு வெறும் வயித்துல 150-க்கு வந்துட்டு. இப்போ ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்காங்க. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டுல ஒரு டம்ளர் தண்ணியில போட்டு வச்சிருக்கேன். காலையில ஊசி போடும்போது என் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டுத்தான் மருந்தை எடுக்கா. 4 காட்டுது, 5 காட்டுது. அது போதும்.

உங்க வீட்டுல இன்சுலின் போடுற பெரியவங்க இருந்தா, இன்னைக்கு ராத்திரியே அந்த பாட்டிலை எடுத்து உருட்டிப் பாருங்க. கலப்பு மருந்துன்னா சீரா கலங்கணும். தெளிஞ்ச மருந்துன்னா தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும். துகளோ கட்டியோ தெரிஞ்சா போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அளவைக் கூட்டுறதுக்கு முன்னாடி பிரிட்ஜையும் ஒரு பார்வை பார்த்துருங்க.

சித்தாத்துல தண்ணி நல்லா வருது. முதல் களை எடுக்க ஆள் கிடைக்காம அலையுதேன், அந்தக் கதையை அடுத்த பதிவுல எழுதுதேன்.